ஏற்ற படிப்பு, ஏற்ற உத்தியோகம்

பார்வையற்ற மாணவன் ஒருவன் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிக் கல்லூரி வாசலில் வந்து நிற்கும்போது, அவனுடைய விருப்பம் யாதென்று கேட்பதற்கு முன்பாகவே, அவனுக்கு ஏற்றது தமிழோ வரலாறோதான் என்று பெற்றோரும் ஆசிரியரும் உறவினரும் ஏகமனதாகத் தீர்மானித்துவிடுகிறார்கள். நடக்க இயலாத பெண் என்றால் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியும், உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடிய ஏதாவதொரு வேலையும் அவளுக்குப் போதும் என்கிறார்கள். காது கேளாதவன் என்றால் கம்ப்யூட்டரில் விவரங்களைப் பதிவு செய்கிற வேலை. இப்படிப் பகிர்ந்து கொடுக்கிறவர்கள் கொடியவர்கள் அல்லர். பிள்ளை பிற்காலத்தில் மனம் உடைந்துவிடக் கூடாதே என்ற கவலையினால் பேசுகிறவர்களே அவர்களிற் பெரும்பாலோர். ஆயினும், உடற்குறை உள்ளவர்களுக்கென்று இயற்கையே சில படிப்புகளையும் சில உத்தியோகங்களையும் வரையறுத்து வைத்திருக்கிறது என்ற அந்த அபிப்பிராயம், வெளிப்படையான பகைமை செய்யக்கூடிய தீங்கைக் காட்டிலும் அதிகமான தீங்கை இந்த நாட்டில் செய்திருக்கிறது. அது அடியோடு பொய்யானது என்பதைக் காட்டவே இதை எழுதுகிறேன்.

இயற்கை வகுத்த எல்லையென்றால் அது காலத்துக்குக் காலம் இடம் மாறாது. இந்த எல்லையோ ஓயாமல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவதும் இசை கற்பிப்பதுமே பார்வையற்றோருக்கு உரிய தொழில்கள் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். பின்பு தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிற வேலை அவர்களுக்காகவே அமைந்தது என்றார்கள். தானியங்கி இணைப்பு வந்ததும் அந்த வேலையே மறைந்து போயிற்று. அப்புறம் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டு. செல்போன் வந்து அதையும் கொண்டு போயிற்று. ஒவ்வொரு முறையும், இவர்களால் செய்ய முடிந்தது எது என்று ஆராய்ந்தல்ல, மற்றவர்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தது எது என்று பார்த்தே பட்டியல் தயாரிக்கப்பட்டது.

அந்தப் பட்டியலுக்குச் சட்டத்தின் துணையும் கிடைத்தது என்பதுதான் துக்ககரமான விஷயம். 1995ஆம் ஆண்டின் சட்டம் அரசுப் பணிகளில் 3 சதவீதத்தை உடற்குறை உள்ளவர்களுக்கென்று ஒதுக்கிற்று. ஆனால் எந்தெந்தப் பதவிகள் இவர்களுக்கு ஏற்றவை என்று அடையாளம் காண வேண்டும் என்றும் அது கூறியிருந்தபடியால், அலுவலகங்கள் மிகச் சில பதவிகளை மட்டும் அடையாளங் கண்டு, அந்தச் சிலவற்றில் 3 சதவீதத்தைக் கணக்கிட்டுத் தம் கடமை தீர்ந்ததென்று இருந்துவிட்டன. மொத்தக் காலியிடங்களின் மீதே அந்த விகிதம் கணக்கிடப்பட வேண்டும் என்று தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்த நாள் 2013 அக்டோபர் 8. சட்டம் நடைமுறைக்கு வந்து அதற்குள் 17 ஆண்டுகள் கடந்திருந்தன. அந்தப் பதினேழு ஆண்டுகளில் பட்டம் பெற்று, விண்ணப்பித்து, வயது வரம்பைக் கடந்து, வீட்டோடு தங்கிப்போனவர்களுக்கு அந்தத் தீர்ப்பினால் விளைந்த பயன் யாது?

நீதிபதிப் பதவியின் கதையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். இந்த நம்பிக்கையின் பொய்மை அதில் பிரத்தியட்சமாகத் தெரிகிறது. தென்னாப்பிரிக்காவில், குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவரும் இந்திய வமிசத்தவருமான ஸாக் யாக்கூப் 1998 முதல் 2013 வரையில் அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றத்தில் நீதிபதியாக வீற்றிருந்தார். நம் தமிழ்நாட்டிலேயே 2009இல், முற்றிலும் பார்வையற்றவரான டி. சக்கரவர்த்தி நீதிபதியாக நியமனம் பெற்றார். அதன் பிறகும், 2014இல் சிவில் நீதிபதிப் பதவிகளுக்கு விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது, பார்வைக் குறைபாடு 40 முதல் 50 சதவீதத்துக்குள் உள்ளவர்கள் மட்டுமே தகுதியுடையவர்கள் என்று இதே மாநிலத்தில் வரம்பு விதிக்கப்பட்டது. 70 சதவீதக் குறைபாடுடைய வழக்கறிஞர் ஒருவர், நீதிமன்றங்களில் அன்றாடம் வாதாடி வந்தவர், அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரையில் போனார். 2019 ஜனவரியில் தோற்றார். பார்த்தல், கேட்டல், பேசுதல் ஆகிய புலன்கள் ஓரளவேனும் உள்ளவரே வழக்கை விசாரித்துத் தீர்ப்பெழுத முடியும் என்பது அன்று சொல்லப்பட்ட காரணத்தின் சாரம். ஈராண்டு கழித்து, 2021 பிப்ரவரியில், விகாஷ் குமார் என்பவரின் வழக்கை விசாரித்த அதே நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, அந்தத் தீர்ப்பு இனி முன்னுதாரணமாகக் கொள்ளத்தக்கது அன்று என்று அறிவித்தது. 2025 மார்ச் 3ஆம் தேதி, பார்வையற்றோரை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கிய மத்தியப் பிரதேச விதியை உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் ரத்து செய்தார்கள். இந்த ஆறு ஆண்டுகளில் மாறியது என்ன? பார்வையற்ற வழக்கறிஞர்களின் கண்களும் மாறவில்லை, அவர்களுடைய சட்ட ஞானமும் திடீரென்று பெருகிவிடவில்லை. நீதிபதிகளின் ஆசனத்தில் இருந்தவர்களின் எண்ணம் ஒன்றே மாறியது. அப்படியானால், அதுகாறும் இயற்கையின் கட்டளை என்று சொல்லப்பட்டது மனிதரின் அபிப்பிராயம் அன்றி வேறென்ன?

மருத்துவப் படிப்பின் கதையும் இதுவே. இரண்டு கைகளும் குறையின்றி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஆதாரமாகக் காட்டி மாணவர்களை விலக்கி வந்தார்கள். 2024 அக்டோபரில், குறைபாட்டின் சதவீதம் ஒன்றை மட்டுமே கொண்டு எவரையும் தள்ளிவிடலாகாது, அவரால் படிக்க இயலுமா என்பதை நேரில் மதிப்பிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. அடுத்த பிப்ரவரியில் அந்த இரண்டு கை நிபந்தனையையும் அது நிராகரித்தது.

இவ்விடத்தில் சிலர், சென்னையில் படித்து, முற்றிலும் பார்வையற்றவராய் இருந்தும் 2015இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த பெனோ ஜெஃபினைப் போன்றவர்களின் பெயர்களைச் சொல்லி, மனவுறுதி இருப்பவர்களுக்கு எந்தத் தடையும் தடையாகாது என்பார்கள். சாதனையாளர்களைக் கொண்டாடுகிற இந்தப் பேச்சும் மேலே சொன்ன நம்பிக்கையின் மறு வடிவமே. உடற்குறையுடைய இரா சிங்கால் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2010ஆம் ஆண்டின் சிவில் சர்வீஸ் பரீட்சையில் தேறிய அவருக்கு, தள்ளவும் இழுக்கவும் தூக்கவும் இயலாதவர் என்ற காரணத்தைக் காட்டி, மேசை வேலையான இந்திய வருவாய்ப் பணி நியமனத்தை மறுத்தார்கள். தீர்ப்பாயத்தில் வழக்காடி 2014இல் அதைப் பெற்றார். அந்த ஆண்டின் பரீட்சையில் பொதுப் பட்டியலிலேயே நாட்டில் முதலிடத்தையும் பெற்றார். 2015ஆம் ஆண்டுப் பரீட்சையில் 773ஆம் இடம் பெற்ற பிராஞ்ஜல் பாட்டீலுக்கு, பார்வையில்லை என்று சொல்லி ரயில்வே கணக்குப் பணியை மறுத்தார்கள். மறு ஆண்டு எழுதி, 124ஆம் இடம் பெற்று ஐ.ஏ.எஸ். அதிகாரியானார். நாட்டிலேயே முதலாவதாக வரக்கூடியவருக்கே வழக்கு வேண்டியிருந்ததென்றால், நடுத்தர மதிப்பெண் பெற்று, நடுத்தர வேலையொன்றை நாடி நிற்கும் சாதாரண மாணவனின் கதி என்ன? அசாதாரணமானவர்கள் மட்டுமே நுழையக்கூடிய வாசலைத் திறந்த வாசல் என்று சொல்வது நியாயமாகாது. கண்ணும் காலும் உள்ளவர்களில் சாமானியர்களுக்கு உத்தியோகம் உண்டு; அந்தச் சாமானிய உரிமையே இவர்களுக்கும் வேண்டும்.

பரீட்சையில் இவர்களுக்குத் தரப்படும் கூடுதல் நேரத்தையும், சொல்வதை எழுதுகிற துணையாளையும் குறித்து, படித்தவர்களே முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சலுகை இருந்தால் யார்தான் தேறமாட்டார்கள் என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் ஒரு நாள் அந்த அறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தேர்வெழுதுகிறவன் பொருளாதார மாணவன். அவன் சொல்வதை எழுத வந்திருப்பவனோ அந்தப் பாடத்தைப் படித்திராத, அவனிலும் கீழ்ப்படிப்பு உடைய ஒரு பையன். கலைச்சொல் வரும்போதெல்லாம் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். வினாத்தாளில் வரைபடம் இருந்தால், அந்தப் பையன் தனக்குத் தெரிந்த சொற்களால் அதை வருணிக்க, இவன் மனத்துக்குள் அதைத் தீட்டிப் பார்த்து விடை சொல்ல வேண்டும். நான்காம் பக்கத்தில் சொன்ன வாக்கியத்தைத் திருத்த நினைத்தால், அதைத் தேடிப் படித்துக் காட்டச் சொல்லி, அடித்து, மறுபடி எழுதச் செய்ய வேண்டும். அதற்குள் அடுத்த வாக்கியம் நினைவிலிருந்து நழுவிவிடும். எழுதுகிறவனின் கை நோகும்போது இவனும் நிறுத்த வேண்டும். மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமல் ஈட்டு நேரம் தர வேண்டும் என்று 2013இல் மத்திய அரசு வகுத்த நெறிமுறை, இவ்வளவு விரயத்தையும் ஈடுகட்டுவதற்காகவே. அதில் ஒரு நிமிஷமும் தானமாகக் கொடுக்கப்பட்டதன்று.

படிப்பு முடிகிற ஆண்டில் நடப்பது இன்னும் கொடுமை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அனுப்பும் பெயர்ப் பட்டியலிலிருந்தே, கம்பெனிக்காரர்கள் எடுக்கமாட்டார்கள், எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்ற இரக்கத்தினால், இவர்களுடைய பெயர்கள் நீக்கப்படுகின்றன. பெயர் தப்பினாலும் நேர்காணல் இரண்டாம் மாடியில். கட்டடத்தின் முகப்பில் சாய்தளம் இருக்கிறதே என்பார்கள். அரையடி உயரமுள்ள மூன்று படிகளுக்கு மாற்றாக அமைக்கும் சாய்தளம், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விதிப்படி, பதினெட்டடி நீளம் இருக்க வேண்டும். நம் கல்லூரிகளில் நான் கண்டவை பெரும்பாலும் ஐந்தாறடிக்கு மேல் இல்லை. அவற்றில் சக்கர நாற்காலியைத் தானே உருட்டி ஏறுகிறவர் பின்புறமாகக் கவிழ்ந்துவிடுவார். காது கேளாத மாணவனைக் குழு விவாதத்தில் உட்கார வைப்பார்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர்கூட அறையில் இருக்கமாட்டார். எட்டுப் பேர் ஒரே சமயத்தில் பேச, யாருடைய உதட்டைப் பார்ப்பதென்று அறியாமல் அவன் விழிக்க, பேச்சுத் திறன் போதாது என்று எழுதிவிட்டு அவன் பெயரை அடித்துவிடுவார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடைபெறுகின்றன. அங்கே தேர்ச்சி பெற்ற இளைஞன் கணக்கு எழுதத் தெரிந்தவனா என்பதை அறிய, ஒரு கணக்கைக் கொடுத்து எழுதச் சொன்னால் போதுமே.

இவற்றின் விளைவு எண்களில் தெரிகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உடற்குறையுள்ளோர் 2.68 கோடிப் பேர். நாற்பத்தைந்து பேருக்கு ஒருவர். 2020-21இல் உயர்கல்வி பயின்ற நான்கு கோடிக்கு மேற்பட்ட மாணவர்களில் இவர்கள் 79,035 பேரே. ஐந்நூறு பேருக்கு ஒருவர்கூட இல்லை. முதுமையில் குறையடைந்தவர்களைக் கழித்தே கணக்கிட்டாலும் இந்தப் பள்ளம் தூர்ந்துவிடாது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டின் சட்டம் அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் குறைந்தது 5 சதவீத இடங்களையும், அரசுப் பணியில் 4 சதவீதத்தையும் இவர்களுக்கென்று வைத்திருந்தும் நிலை இதுதான்.

பார்வையற்றவர் பஸ் ஓட்ட முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரே வார்த்தை: அதை எவரும் கேட்கவில்லை. இன்ன பணிக்கு இன்ன காரணத்தால் விலக்கு வேண்டும் என்று முறைப்படி கூறச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. காரணம் கூறாமலும், ஆளைச் செய்துபார்க்க விடாமலும் விலக்குவதையே நாம் கண்டிக்கிறோம். செலவைப் பற்றிச் சொல்கிறவர்களுக்கும் ஆதாரம் போதாது. பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர், கம்ப்யூட்டர் திரையிலுள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள், இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் படிக்கிறது. ஆனால் பாடக் குறிப்புகளைப் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து கொடுத்தாலும், புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாலும், அந்த மென்பொருளுக்கு அதில் ஓர் எழுத்தும் புலப்படாது. 2010இலேயே தமிழ்நாடு அரசு, யூனிகோட் எனப்படும் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. குறிப்பை ஒருங்குறியில் தட்டச்சு செய்து கொடுக்க ஆசிரியருக்கு ஒரு காசும் செலவில்லை.

இதை வாசிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் ஊரிலோ அருகிலோ அரசுக் கல்லூரியோ அரசு உதவி பெறும் கல்லூரியோ கட்டாயம் இருக்கும். சென்ற ஆண்டு அங்கே 5 சதவீத இடங்களில் எத்தனை நிரப்பப்பட்டன, எந்தெந்தப் பாடப் பிரிவுகளில், இறுதியாண்டில் இருந்த மாற்றுத்திறனாளி மாணவர்களில் எத்தனை பேருடைய பெயர்கள் வேலைவாய்ப்பு நேர்காணலுக்கு அனுப்பப்பட்டன என்று கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள்.