அனுமதி இல்லாததால் முடிந்துபோன வழக்கு

நாகாலாந்தின் ஓட்டிங் கிராமத்துத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட 30 ராணுவத்தினர் மீதான வழக்கை 2024 செப்டம்பர் 17 அன்று உச்சநீதிமன்றம் முடித்துவைத்துள்ளது. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றம் கூறவில்லை. சாட்சியம் போதவில்லை என்றும் கூறவில்லை. வழக்கு தொடர ஒன்றிய அரசு அனுமதி தரவில்லை, எனவே வழக்கு நிற்காது என்பதே தீர்ப்பின் சாரம். அடுத்த பத்து நாட்களுக்குள், ஓட்டிங் அமைந்துள்ள மோன் உள்பட 8 மாவட்டங்களில் ஆயுதப் படைகள் (சிறப்பு அதிகாரங்கள்) சட்டத்தை மேலும் ஆறு மாதங்களுக்கு நீட்டித்து உள்துறை அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டுவிட்டது.

2021 டிசம்பர் 4, சனிக்கிழமை மாலை. நிலக்கரிச் சுரங்க வேலையை முடித்துக்கொண்டு எட்டுத் தொழிலாளர்கள் சிறு சரக்கு வாகனமொன்றில் வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். தீவிரவாதிகள் வருவதாகத் தகவல் கிடைத்துப் பதுங்கியிருந்த 21ஆவது பாரா சிறப்புப் படையினர் வாகனத்தின் மீது சுட்டதில் ஆறு பேர் மாண்டனர். வீடு வராதவர்களைத் தேடிச் சென்ற ஊர் மக்கள் உடல்களைக் கண்டு கொதித்தபோது மீண்டும் துப்பாக்கிச் சூடு. மேலும் ஏழு பேர் பலியாயினர். அந்த மோதலில் ஒரு படைவீரரும் உயிரிழந்தார். மறுநாள் மோன் நகரில் இன்னும் ஒருவர்.

வாகனத்தை நிறுத்தச் சொன்னதாகவும் அது வேகமெடுத்துத் தப்ப முயன்றதாகவும் அமித் ஷா நாடாளுமன்றத்தில் கூறினார். தங்களை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நேரடியாகவே சுட்டார்கள் என்றார் குண்டடி பட்டுப் பிழைத்த தொழிலாளி. மாநிலக் காவல்துறையின் சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரித்து, நிலையான நடைமுறைகள் பின்பற்றப்படவில்லை, கண்மூடித்தனமாகச் சுட்டிருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தது. 2022இல் ஒரு மேஜர் உள்ளிட்ட 30 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. இது ஏதோ எதிர்க்கட்சி அரசின் காவல்துறை அல்ல. அம்மாநில அரசில் பாஜகவும் பங்காளி. ஆயினும் 2023இல் ஒன்றிய அரசு அனுமதி மறுத்தது.

1958ஆம் ஆண்டின் இச்சட்டத்தின் 4ஆவது பிரிவு, உரிய எச்சரிக்கைக்குப் பின், உயிர் போகும் அளவுக்கும் சுடுவதற்கு அதிகாரம் அளிக்கிறது. அந்த எச்சரிக்கை தரப்பட்டதா என்பதை நீதிமன்றம் ஆராய்வதற்கே 6ஆவது பிரிவின்படி ஒன்றிய அரசின் முன் அனுமதி வேண்டும். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை நசுக்க 1942இல் வைஸ்ராய் லின்லித்கோ பிறப்பித்த அவசரச் சட்டமே இதற்கு மூலம். ஜம்மு காஷ்மீரில் 2001 முதல் வந்த சுமார் 50 கோரிக்கைகளில் ஒன்றில்கூட அனுமதி வழங்கப்படவில்லை என்பது 2018இல் மாநிலங்களவையில் அரசே அளித்த பதில். 'முன் அனுமதி' என்பது நடைமுறையில் நிரந்தர மறுப்பு.

இச்சட்டத்தை ரத்து செய்யுமாறு 2005இல் நீதிபதி ஜீவன் ரெட்டி குழு பரிந்துரைத்தது. அன்றைய காங்கிரஸ் அரசும் அதைக் கிடப்பில் போட்டது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஓட்டிங் படுகொலைக்குப் பின் 2021 டிசம்பர் 20 அன்று நாகாலாந்து சட்டமன்றம் ஒருமனதாகச் சட்டத்தை விலக்கக் கோரியது. பத்தே நாட்களில் மாநிலம் முழுவதையும் மேலும் ஆறு மாதங்களுக்குக் 'கலவரப் பகுதி' என அறிவித்தது மோடி அரசு. பின்னர் சில பகுதிகளில் மட்டும் தளர்வு, மோனில் தளர்வில்லை.

மியான்மர் எல்லையைத் தாண்டி இயங்கும் ஆயுதக் குழுக்கள் மக்களிடம் 'வரி' என்ற பெயரில் பணம் பறிப்பதை நாம் நியாயப்படுத்தவில்லை. எல்லைக்குப் பாதுகாப்பு தேவையில்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அடர்ந்த மலைக்காட்டில் அந்நியர் நடமாட்டத்தை முதலில் அறிபவர்கள் ஓட்டிங் போன்ற ஊர்களின் கொன்யாக் மக்களே. அவர்களுடைய பிள்ளைகளைச் சுட்டுவிட்டு, விசாரணையையும் தடுத்துவிட்டு, யாரிடம் போய்த் தகவல் கேட்பார்கள்? 1997இலேயே போர்நிறுத்தம் வந்துவிட்டது. 2015இல் மோடி முன்னிலையில் ஏற்பட்ட கட்டமைப்பு ஒப்பந்தம் இறுதித் தீர்வாக மாறாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. அரசியல் பேச்சுவார்த்தை நகராத இடத்தில் ராணுவச் சட்டம் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பிக்கப்படுகிறது.

அனுமதி கிடைத்தால் வழக்கைத் தொடரலாம் என்று உச்சநீதிமன்றம் கதவைச் சற்றே திறந்து வைத்துள்ளது. அனுமதி மறுப்பை எதிர்த்து நாகாலாந்து அரசு தொடுத்த மனுவும் 2024 செப்டம்பரில் அங்கேயே நிலுவையில் இருந்தது. அந்த வழக்கில் ஒன்றிய அரசு தனது மறுப்பைக் கைவிட்டு அனுமதி வழங்க வேண்டும். ராணுவம் நடத்திய உள்விசாரணையின் முடிவுகளை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். 6ஆவது பிரிவு மட்டுமல்ல, சட்டமே முற்றாக விலக்கப்பட வேண்டும்.