அத்தாட்சி தரவேண்டியவர் யார்?

வாக்குச்சாவடிக்கு வருகிறவர் தாம் இன்னாரென்று அத்தாட்சி காட்டவேண்டுமென்ற விதியை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. கள்ள ஓட்டு என்பது சென்னை வாசிகள் கேட்டறியாத வார்த்தையல்ல. 1993-ம் வருஷத்தில், ஸ்ரீ டி. என். சேஷன் தலைமைத் தேர்தல் கமிஷனராக இருந்தபோது, புகைப்படத்தோடு கூடிய அடையாளச் சீட்டு ஏற்பட்டது. அது கைவசம் இல்லாதவர் ஆதார், பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், படம் ஒட்டிய பாங்கு அல்லது தபாலாபீஸ் பாஸ்புஸ்தகம் முதலியவற்றில் ஏதேனும் ஒன்றைக் காட்டி ஓட்டளிக்கலாமென்று கமிஷன் அனுமதித்து வந்திருக்கிறது. 2023 மே மாதம் இங்கிலாந்தில் முதன்முதலாக இத்தகைய நிபந்தனை விதித்தபோது, சுமார் 14,000 பேர் சாவடியிலிருந்து திருப்பப்பட்டு, மீண்டும் வராமலே போனார்களென்று அந்நாட்டுத் தேர்தல் கமிஷனே கணக்கிட்டது. அதோடு ஒப்பிட்டால் நம்மவர் ஏற்பாடு தாராளமானதுதான்.

ஆனால் சாவடி வாசலில் கேட்கும் அத்தாட்சி வேறு. பட்டியலில் பெயர் இருப்பதற்கே கேட்கும் அத்தாட்சி வேறு. கையில் சீட்டு இருந்தும் பட்டியலில் பெயரில்லாதவர் ஓட்டளிக்க முடியாது. இதை அறியாமல் சீட்டைப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டு நிம்மதியாயிருப்போர் பலர்.

2025 நவம்பர் 4-ந் தேதி நமது மாகாணத்தில் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஆரம்பமாயிற்று. டிசம்பர் 19-ந் தேதி வெளியான வரைவுப் பட்டியலில் 6 கோடியே 41 லக்ஷம் பெயர்கள் 5 கோடியே 43 லக்ஷமாகக் குறைந்திருந்தன. சென்னை ஜில்லாவில் மட்டும் 40 லக்ஷத்தில் 14 லக்ஷத்துக்கு மேல் போயின. மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம்! மாகாண முழுவதிலும் நீக்கப்பட்டவர்களில் இறந்தோர் சுமார் 27 லக்ஷம். இவர்களை நீக்கியதைப் பற்றி யாரும் குறை கூறார். குடிபெயர்ந்தோர், வீட்டில் காணப்படாதோர் என்று எழுதப்பட்டவர்களோ 66 லக்ஷம். பிறகு மனுச் செய்து பலர் திரும்பச் சேர்ந்தது உண்மையே. மனுச் செய்யத் தெரியாதவர் கதி என்ன?

குடிபெயர்வது குற்றமா? பெரம்பூரைப் பாருங்கள். ரயில்வே ஒர்க்ஷாப்புகளையும், 1955-ல் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலையையும், 1996-ல் மூடப்பட்ட பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லையும் நம்பி வந்து வளர்ந்த பேட்டை இது. வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவன், வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தினால் அடுத்த தெருவுக்குப் போகிறான். பகலில் உத்தியோகஸ்தர் கதவைத் தட்டும்போது புருஷனும் பெண்ஜாதியும் வேலைக்குப் போயிருப்பார்கள். சர்க்காரே ஆற்றங்கரையிலிருந்தும் கால்வாய்க் கரையிலிருந்தும் பெயர்த்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிய குடும்பங்களோ அநேகம். இவர்களைப் பார்த்து, இருபது வருஷத்துக்கு முந்திய பட்டியலில் உன் பெயராவது உன் பெற்றோர் பெயராவது எங்கே என்று கேட்டால், எந்த வீட்டு விலாசத்தைச் சொல்வார்கள்?

சட்டத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சாவடியில் ஓட்டரை ஆள்மாறாட்டக்காரரென்று ஆக்ஷேபிக்கும் ஏஜெண்டு இரண்டு ரூபாய் கட்டவேண்டும். முதலில் அத்தாட்சி தரவேண்டியவரும் அவரே. இது 1961-ம் வருஷத்து விதி. பட்டியல் விஷயத்திலும் 1995-ல் லால் பாபு ஹுஸேன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதே நியாயத்தைத்தான் சொல்லிற்று: முன்பே பதிவான பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு, அதை எடுக்குமுன் உரியவருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் சொல்வதைக் கேட்கவேண்டும். படிவம் திரும்பி வரவில்லை என்பதற்காக வரைவிலேயே பெயரை விட்டுவிட்டு, இனிப் புது ஓட்டரைப்போல் மனுச் செய்துகொள் என்பது இந்த நியாயத்தைத் தலைகீழாக்குவதாகும்.

கள்ள ஓட்டைத் தடுக்கவே இத்தனையும் என்பார்கள். பக்கத்திலுள்ள ஆர். கே. நகரில் 2017 ஏப்ரலில் இடைத்தேர்தலை ரத்துச் செய்தது பணப் பட்டுவாடாவை முன்னிட்டு. பணம் வாங்குகிறவரிடம் அசல் அடையாளச் சீட்டு இருப்பதற்கு யாதொரு தடையுமில்லை!

நாம் கேட்பது இவ்வளவே. ‘குடிபெயர்ந்தார்’ என்று எழுதும் உத்தியோகஸ்தர், எங்கே பெயர்ந்தாரென்று விசாரித்து அவ்விடத்துப் பட்டியலில் சேர்க்கும் பொறுப்பையும் ஏற்கவேண்டும். கம்ப்யூட்டர் யுகத்தில் இது பிரம்ம வித்தையல்ல. விசாரணைக்கு இரவு ஏழு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வரட்டும். நீக்குமுன் கதவில் தமிழில் நோட்டீஸ் ஒட்டி, ஒரு மாதமாவது தவணை கொடுக்கட்டும்.