பூனைக்கும் டென்ஷன் வரும்... அதற்கு உங்கள் மாத்திரை வேண்டாம்!

"டாக்டர், எனக்கு மருந்து வேணாம். எங்க வீட்டுப் பூனைக்குத்தான் வேணும்!"

இப்படிக் கேட்டுக்கொண்டு அவ்வப்போது யாராவது என் கிளினிக்குக்கு வந்துவிடுகிறார்கள். தீபாவளி நெருங்கினால் சொல்லவே வேண்டாம். "ரெண்டு நாளா கட்டிலுக்கு அடியிலேயே கிடக்குது", "சோபா மேல ஒண்ணுக்குப் போயிடுது", "நக்கி நக்கியே வயித்துல முடியெல்லாம் போச்சு" என்று ஆளுக்கொரு கதை. கடைசியில் எல்லாரும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்பார்கள். "இங்கிலீஷ் மருந்து கொடுக்கப் பயமா இருக்கு. உங்க மருந்துன்னா சைடு எஃபெக்ட் இருக்காதே!"

இதைக் கேட்டால்தான் எனக்குப் பகீரென்கிறது. மனிதர்களுக்கே அது முழு உண்மை கிடையாது. பூனை விஷயத்தில் அது வெறும் நம்பிக்கை மட்டுமில்லை, ஆபத்தான நம்பிக்கை.

பூனைக்கு மனக்கலக்கமா என்று சிரிக்கிறவர்களோடு நான் சேரவில்லை. கட்டாயம் வரும். நம் காது சுமார் 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கேட்கும். பூனையின் காதோ 60 ஆயிரத்தையும் தாண்டிக் கேட்கும். நமக்கே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும் பத்தாயிரம் வாலா, அதற்கு எப்படி இருக்கும்? வெடிதான் என்றில்லை. வீடு மாறினால், குழந்தை பிறந்தால், புதிதாக இன்னொரு பூனை வந்தால், ஏன், ஜன்னலுக்கு வெளியே தெருப்பூனை ஒன்று தினமும் வந்து முறைத்துவிட்டுப் போனால்கூட அதற்குத் தூக்கம் போய்விடும். நாம் வாய்விட்டுப் புலம்புவோம். அது சாப்பாட்டைக் குறைக்கும், ஒளிந்துகொள்ளும், கண்ட இடத்தில் சிறுநீர் விடும். "திமிர் பிடிச்ச பூனை" என்று நாம் திட்டுவோம்!

சரி, கலக்கம் இருக்கிறது. மருந்து கொடுத்தால் என்ன தப்பு?

பூனையின் கல்லீரல் வேறு மாதிரி என்பதுதான் விஷயம். பல மருந்துகளையும் சில மூலிகைச் சத்துக்களையும் நம் கல்லீரல் ஒரு பொருளோடு சேர்த்து முறித்து, சிறுநீரோடு வெளியே தள்ளிவிடுகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதி பூனையிடம் மிகக் குறைவு. நமக்கு நாலைந்து மணி நேரத்தில் கரைந்து போகிறது அதன் உடம்பில் தங்கி விஷமாகிவிடும். நாம் தலைவலிக்குச் சர்வசாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒன்று, நாலு கிலோ பூனையைக் கொல்லப் போதும்.

வீட்டுப் பெரியவர்களின் மருந்து டப்பாவில் இருக்கும் டயஸிபாம் மாத்திரையில் கால் துண்டு கிள்ளிக் கொடுத்ததாகச் சிலர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். வாய்வழியாக அந்த மருந்து சாப்பிட்ட 11 பூனைகளுக்குக் கல்லீரல் செயலிழந்துபோனதை அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 1996-லேயே எழுதி எச்சரித்துவிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை.

நாட்டு மருந்து மட்டும் என்னவாம்? கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், கிராம்பு எண்ணெய் எதுவும் பூனைக்கு ஆகாது. மேலே தடவினாலும் நக்கி உள்ளே தள்ளிவிடும். பூண்டும் வெங்காயமும் அதன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். "நாங்க சாப்பிடறதுதானே டாக்டர்" என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

குப்பைமேனி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு. செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினால் பூனை ஓடிவந்து முகர்ந்து, உருண்டு, புரண்டு, எச்சில் வடிக்கும். கல்லூரியில் படிக்கும்போது நாங்கள் இதைச் செய்து பார்த்துச் சிரித்திருக்கிறோம். இதைக் கேள்விப்பட்ட ஒருவர், "அப்போ அந்த வேரையே கஷாயம் வச்சுக் கொடுத்தா அமைதியாயிடும்ல?" என்றார். ஆகாது ஐயா! அது கிளர்ச்சி, அமைதி இல்லை. ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ள மனிதர்களுக்கே குப்பைமேனி உள்ளே போனால் ரத்த அணுக்கள் உடைந்துபோவது உண்டு. ஏற்கெனவே சுலபமாக உடையும் ரத்தம் பூனையுடையது. அதில் போய்ப் பரீட்சை வைக்கலாமா?

இவ்வளவு கறாராக நான் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. வெளியே சொல்லக் கூச்சமான காரணம்தான்.

பல வருஷங்களுக்கு முன்னால், தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். "தம்பி, வெடிச் சத்தம் ஆரம்பிச்சதுலேர்ந்து இவன் ஒரு மாதிரியா இருக்கான். மணல் டிரேயில போய்ப் போய் உக்காருறான், கத்துறான், மறுபடி ஒளிஞ்சுக்கறான்" என்றார். இவன் என்றது அவர் வளர்த்த செவலைக் கடுவனை. பயந்திருக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். பூனையைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு சிட்டிகை அமுக்கரா சூரணத்தைப் பாலில் கலந்து கொடுங்கள் என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். நரம்புத் தளர்ச்சிக்கும் தூக்கமின்மைக்கும் நான் அன்றாடம் கொடுக்கும் மருந்து. அதில் மிளகும் திப்பிலியும் கிராம்பும் சேர்கின்றன என்பதைக்கூட அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் பூனை செத்துப்போயிற்று.

நண்பரான கால்நடை மருத்துவர் ஒருவரிடம் பிறகு விவரம் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "சிறுநீர் வந்துச்சான்னு கேட்டீங்களா?" நான் கேட்கவில்லை. ஆண் பூனைக்குச் சிறுநீர்த் தாரை மிகக் குறுகல். பயத்தாலேயே சிறுநீர்ப்பை வீங்கும், தாரை அடைபடும். அடைத்துவிட்டால் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுவிடும். அன்றே அடைப்பை எடுத்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு என்றார் நண்பர். என் சூரணம் அதைக் கொன்றது என்று சொல்ல முடியாது. ஆனால் மருந்து கொடுத்தாயிற்று என்ற நிம்மதியில் டீச்சர் அந்த இரண்டு நாளைக் காத்திருப்பில் கழித்தார். அந்த நிம்மதியைக் கொடுத்தவன் நான்தான். அதற்குப் பிறகும் அவர் மூட்டுவலிக்கு என்னிடம்தான் வந்தார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

நம் முன்னோர் மாட்டு வாகடம் எழுதி வைத்தார்கள். பூனை வாகடம் எதையும் நான் படித்ததில்லை. மனித நாடி பார்க்கக் கற்றவன் மனிதனோடு நிற்க வேண்டும். 1984-ஆம் வருஷத்துக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

அதற்காக அமைதி மருந்தே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு பக்கத்துப் பிடிவாதமும் இருக்கிறது. கால்நடை மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால், "பூனையைப் பொம்மையாக்கணுமா?" என்று அதைக் கிழித்துப் போடுகிற வீட்டுக்காரர்கள். பழைய காலத்து மருந்துகளில் அந்தக் குறை இருந்தது நிஜம். அசிப்ரோமசின் கொடுத்தால் உடம்பு துவண்டு கிடக்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். இப்போது நிலைமை வேறு. காபாபென்டின் என்று ஒரு மருந்து, மனிதர்களுக்கு வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தருவது. ஆஸ்பத்திரிக்கோ வெளியூருக்கோ புறப்பட இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் பூனைக்கும் கொடுக்கிறார்கள். அதன் உறவுக்கார மருந்தான பிரிகாபலினைப் பூனையின் பயண பயத்துக்கென்றே 2023-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. இவை பயத்தையே குறைக்கின்றன. அன்றைக்குக் கொஞ்சம் தள்ளாடும், தூங்கி வழியும். பால்கனி, மாடிப்படி பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் கெட்ட பூனைக்கு அளவு மாறும். அதனால்தான் அடுத்த வீட்டுப் பூனையின் சீட்டை வாங்கி நீங்கள் உபயோகிக்கக் கூடாது.

மாதக்கணக்காகத் தொடரும் கலக்கத்துக்கு ஃப்ளூவாக்செடின் போன்றவை உண்டு. பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். பத்து நாள் கொடுத்துவிட்டு "ஒண்ணும் ஆகலை" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மாத்திரையோடு வீட்டையும் கொஞ்சம் மாற்றத்தான் வேண்டும். கேரியர் கூடையைப் பரணிலிருந்து ஆஸ்பத்திரி போகிற அன்றைக்கு மட்டும் இறக்கினால், அதைப் பார்த்ததுமே பூனைக்கு நடுக்கம் வரும். ஹாலில் ஒரு மூலையில் எப்போதும் திறந்தே வையுங்கள், உள்ளே பழைய புடவை ஒன்றை மடித்துப் போடுங்கள். இரண்டு பூனை இருந்தால் மூன்று மணல் டிரே. தீபாவளிக்கு உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வழி வெட்டிக் கொடுத்தால், அதுவே போய் உட்கார்ந்துகொள்ளும். இழுத்து மடியில் வைத்துச் சமாதானம் செய்யாதீர்கள். அது நாயில்லை. அமைதிப்படுத்தச் சாம்பிராணி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புகை அதன் மூச்சுக்குழலுக்குக் கெடுதல்.

போன வாரம் ஓர் அம்மாள் பூனையைக் கூடையோடு தூக்கிக்கொண்டு வந்து, டோக்கன் வாங்கிக் காத்திருந்து உள்ளே வந்தார். ஃபீஸை வாங்கவில்லை. மருந்துச் சீட்டில் மருந்துக்குப் பதிலாக, கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டிய மூன்றை எழுதிக் கொடுத்தேன். கடைசியாகச் சிறுநீர் எப்போது போயிற்று? கடைசியாகச் சாப்பிட்டது எப்போது? இதுவரை வீட்டில் என்னென்ன கொடுத்தீர்கள்?

மூன்றாவதைப் படித்ததும் அவர் சிரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, "நேத்து ராத்திரி கொஞ்சம் தைலம் தடவினேன் டாக்டர்" என்றார். அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதி, உடனே போகச் சொல்லி ஆட்டோ பிடித்து அனுப்பினேன்.