தாழ்வு மனப்பான்மை யாருக்கு?

திருத்துறைப்பூண்டி பக்கத்துச் சேரியிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் வருடம் எனக்குத் தூக்கம் போனது. ஆலோசகரிடம் அனுப்பினார்கள். விடுதியில் என் தட்டை மட்டும் தனியாக வைக்கிறார்கள் என்று சொன்னேன். "உனக்குத் தாழ்வு மனப்பான்மை. தியானம் பண்ணு, கீதை படி" என்றார். தட்டைத் தனியாக வைத்தவனை யாரும் எங்கும் அனுப்பவில்லை.

உளவியலைக் காலனியப் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று இன்று பலரும் பேசுகிறார்கள். வேண்டியதுதான். 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், கறுப்பின அடிமைகள் தப்பியோடுவதற்கு 'டிராப்டோமேனியா' என்று நோய்ப்பெயர் சூட்டினார். அடிமையாய்க் கிடந்தால் ஆரோக்கியம், ஓடினால் பைத்தியம்! அந்தக் கணக்கில், பண்ணையை விட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போன எங்கள் டெல்டா முன்னோரும் நோயாளிகள்தான்.

ஆனால் வெள்ளைக்காரனை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் யாரை உட்கார வைக்கிறீர்கள்? வேதம், யோகம், கர்மவினை. 'நம் மரபு' என்கிறீர்கள். யாருடைய மரபு? தஞ்சைப் பண்ணைகளில் எங்கள் தாத்தாக்களுக்குக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும்கூட மரபுதான். முன்வினை என்று அதைப் பொறுத்துக்கொள்ளச் சொன்ன தத்துவம் எங்களுக்கு எப்படி மருந்தாகும்?

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டுச் சங்கம் வைத்த சேரியில், ஒரே குடிசைக்குள் 44 பேரைக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். தப்பிப் பிழைத்தவர்களின் கொடுங்கனவுக்கு உளவியலில் பெயர் இருக்கிறது. கொளுத்தியவர்களின் மனதுக்கு என்ன பெயர்?

சாதி ஒரு மனநிலை என்று 1936இலேயே எழுதினார் அம்பேத்கர். அல்ஜீரியாவில் மனநல மருத்துவராக இருந்த ஃபிரான்ஸ் ஃபனான், காலனிய ஆட்சியே மனிதர்களைச் சிதைக்கும் இடத்தில் வைத்தியம் பார்த்துப் பயனில்லை என்று 1956இல் வேலையை உதறினார். இவர்களைப் படிக்காமலேயே இங்கு ஒருவர் உளவியலில் பட்டம் வாங்கிவிட முடிகிறது.

தோழர்களே, சிகிச்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாத்திரை போட்டுத்தான் நானும் தூங்கினேன். 2017 மனநலச் சட்டம் சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது. அது போதாது. அந்த அறைக்குள் சாதியைப் பற்றிப் பேச இடம் வேண்டும். அந்த நாற்காலியில் சேரிப் பிள்ளைகளும் உட்கார வேண்டும். சாதியைத் தொடாத காலனிய எதிர்ப்பு வெறும் ஆள்மாற்றம்.

தட்டைத் தனியாக வைத்தவனையும் ஆலோசகரிடம் அனுப்புங்கள். அவன்தான் முதலில் போக வேண்டியவன்.