கூட்டமாகப் போனால் கடல் பயந்துவிடுமா?

ஒவ்வொரு நவம்பரிலும் கனாரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் திருவிழாக் கூட்டம். 1986-ல் ஜிம்மி கார்னெல் ஆரம்பித்த ஏ.ஆர்.சி. ராலிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட பாய்மரப் படகுகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. அட்லாண்டிக்கைக் கடந்து செயின்ட் லூசியா வரை சுமார் 2,700 கடல் மைல். பணம் கட்டினால் துணை கிடைக்கும், துணை இருந்தால் ஆபத்து குறையும்... வருபவர்களில் பலருடைய கணக்கு இதுதான்.

அந்தக் கணக்கு தான் தப்பு! சில நாட்களிலேயே அவரவர் வேகம், அவரவர் பாதை என்று படகுகள் சிதறிவிடும். சுற்றிலும் ஒரு பாய் கூடக் கண்ணில் படாது. நடுராத்திரியில் சுக்கான் உடைந்தால் அடுத்த படகு வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து, தேதி. தனியாகப் போகிறவர் காற்று சரியில்லை என்றால் ஒரு வாரம் கூடக் காத்திருப்பார். ராலிக்காரர்? மனதுக்குள் தயக்கம் இருந்தாலும், "எல்லோரும் போகிறார்களே" என்று கயிற்றை அவிழ்த்துவிடுவார். வானிலை மோசமானால் அமைப்பாளர்கள் புறப்பாட்டைத் தள்ளி வைக்கலாம். ஆனால் ஒரு படகின் மாலுமிகள் களைத்திருப்பதற்காக யாரும் தள்ளி வைக்க மாட்டார்கள்.

ராலியில் நல்லதே இல்லையா? உண்டு. உயிர்காப்புத் தெப்பம், அவசர சமிக்ஞைக் கருவி எல்லாம் சோதித்த பிறகே கிளம்ப விடுகிறார்கள். அந்தப் பட்டியலைத் தனியாகப் போகிறவரும் எடுத்துக்கொள்ளட்டும். தேதி மட்டும் வேண்டாம்.

ஜோஷுவா ஸ்லோகம் 1895-லிருந்து 1898 வரை தன்னந்தனியாக உலகைச் சுற்றி வந்தார். அவருக்குத் துணை, பல வருடக் கடல் அனுபவம். அதை எந்த நுழைவுக் கட்டணமும் வாங்கித் தராது.