புகையிலைக்கு வக்காலத்து

சிகரெட் பெட்டியின் மேலும் பீடிக் கட்டின் மேலும் 100-க்கு 85 பாகம் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டுமென்று இந்திய சர்க்கார் 2014 அக்டோபரில் உத்தரவு போட்டது. 1-4-2015 முதல் அமலுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

பார்லிமெண்டு கமிட்டி ஒன்று, தான் ஆராய்ந்து முடிக்கும் வரை உத்தரவை நிறுத்தி வைக்கச் சொல்லிற்று. கமிட்டித் தலைவர் திரு. திலீப் காந்தி, புகையிலையால் புற்றுநோய் வருமென்பதற்கு இந்தியாவில் நடந்த ஆராய்ச்சி ஏதுமில்லை, எல்லாம் வெளிநாட்டு ஆராய்ச்சியே என்றார். மெம்பர்களில் ஒருவரான திரு. சியாமா சரண் குப்தாவோ பெரிய பீடி முதலாளி. பாலுக்குப் பூனை காவல்!

அந்நியன் நெஞ்சில் புகுந்தால் விஷமாயிருக்கும் புகை, பாரத புத்திரன் நெஞ்சில் புகுந்தால் தீர்த்தமாகிவிடுமா என்று கேட்கிறோம். அன்றியும், ஆராய்ச்சி இல்லையென்பதே பொய். சென்னையிலும் சில கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி விசாரித்த ஆராய்ச்சி 2003-லேயே வெளிவந்துவிட்டது. புற்றுநோய்ச் சாவு மாத்திரமல்ல, காசநோயால் செத்த ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேரின் சாவுக்கே புகைதான் காரணமென்று அது காட்டிற்று. சென்னை இந்தியாவில் இல்லை போலும்!

எங்கள் பாட்டன் 90 வயது வரை சுருட்டுக் குடித்தான், எல்லாம் தலையெழுத்து என்று திண்ணையில் பேசுகிறவனை மூடன் என்கிறோம். அதையே டில்லியில் உட்கார்ந்து பேசினால் சட்ட ஞானமா?

நிற்க, பீடி சுற்றும் ஏழைப் பெண்களின் பிழைப்புப் போய்விடுமென்று முதலாளிகள் கண்ணீர் வடிக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் பொழுது விடிந்து பொழுது சாயும் வரை குனிந்து சுற்றும் அப்பெண்களுக்குக் கூலியை உயர்த்தச் சொன்னால் இந்தக் கண்ணீர் எங்கே போய்விடுகிறது?

ஒரு வருஷம் கழித்து, 1-4-2016-ல் உத்தரவு அமலுக்கு வந்தது. அப்போதும் அந்தக் கமிட்டி 50 பாகம் போதுமென்றே சிபார்சு செய்தது. முதலாளிகள் கோர்ட்டுக்கும் போனார்கள். கர்நாடக ஹைகோர்ட்டு 2017 டிசம்பரில் உத்தரவைத் தள்ளிவிட, 2018 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

சர்க்காரின் யோக்கியதை மட்டும் என்ன? படம் போடச் சொல்வது சுகாதார இலாகா. புகையிலை விளைச்சலையும் ஏற்றுமதியையும் வளர்ப்பதற்கென்றே 1975-ம் வருஷச் சட்டத்தின்படி குண்டூரில் ஒரு போர்டு வைத்திருப்பது வர்த்தக இலாகா. இவ்வளவும் போதாதென்று, ஜனங்களின் ஆயுளுக்கு இன்ஷூரன்ஸ் செய்யும் சர்க்கார் ஸ்தாபனமான எல்.ஐ.சி., சிகரெட் செய்யும் ஐ.டி.சி. கம்பெனியில் பெரும் பங்குதாரர். பாவத்துக்கும் தட்சிணை, பரிகாரத்துக்கும் தட்சிணை வாங்கும் புரோகிதனுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் என்னவென்று, அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருகிறவரைத் தோழர்களே கேட்டுப் பார்க்கட்டும்.