‘ஏன்’ என்று கேட்காதீர்கள்!

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம் தெருவில் பலர் அந்த மனுவைத் திட்டுக் கடிதமாகத்தான் எழுதுகிறார்கள். “மூன்றே மாதத்தில் சாலை பெயர்ந்தது ஏன்? பொறியாளர் தூங்கினாரா? இதற்கு யார் பொறுப்பு?” எழுதியவருக்கு மனசு ஆறும். ஆனால் அலுவலகத்தில் அந்த மனுவைப் பார்த்ததும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். “கேள்வி தகவல் என்ற வரையறைக்குள் வராது” என்று ஒரே வரியில் பதில் போட்டுவிடலாமே!

சட்டத்தின் 2(எஃப்) பிரிவு தகவல் என்று சொல்வது பதிவேடு, ஆவணம், உத்தரவு, ஒப்பந்தம், அறிக்கை போன்று அலுவலகத்தின் கையில் இருப்பதை. இல்லாத விளக்கத்தை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக, கோபமாகக் கேட்கப்படும் ஒவ்வொரு ‘ஏன்’னும் தப்பு செய்தவருக்கு நாமே திறந்துவிடும் கொல்லைக் கதவு.

“அப்படியானால் குடிமகன் காரணம் கேட்கவே கூடாதா?” என்று சண்டைக்கு வருவீர்கள். கேட்கலாம், காகிதத்தின் வழியாக. அந்தச் சாலை வேலையின் மதிப்பீட்டு நகல், ஒப்பந்த நகல், அளவுப் புத்தக நகல், பணம் கொடுத்த தேதி, தொகை ஆகியவற்றைக் கேளுங்கள். முடிவு எடுத்த கோப்பின் குறிப்புப் பக்கங்களைக் கேளுங்கள். நீங்கள் தேடும் ‘ஏன்’ அங்கேதான் கையெழுத்தோடு உட்கார்ந்திருக்கிறது. சட்டப்படி வேலையை நேரில் பார்வையிடலாம். போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைக்கூட வாங்கலாம். இதை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இன்னொரு கூத்து, வாட்ஸ்அப்பில் சுற்றும் ஐம்பது கேள்வி மாதிரி மனு. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். ஐம்பதில் நாற்பதுக்குச் சப்பைப் பதில் வரும். முக்கியமான கேள்வி அந்தக் குப்பையில் புதைந்து போகும். நாலே கேள்வி, எந்த வேலை, எந்த ஆண்டு என்ற விவரத்தோடு இருந்தால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லவே வேண்டாம். 6(2) பிரிவு அதற்கு அரண். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. பதிலுக்கு 30 நாள், உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பானதென்றால் 48 மணி நேரம். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மனு போட்ட தேதியை நாள்காட்டியில் குறித்து வைக்காதவர் பாதி வழியிலேயே தோற்றார்.

ஆனால் என் கோபம் தெரியாமல் எழுதுபவர் மேல் இல்லை. தெரிந்தும் வாய் திறக்காதவர் மேல்தான். “இவனுக்கு மனு எழுதவே தெரியல” என்று சிரிக்கும் அலுவலரே, எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அதை எழுத்தாக்க உதவ வேண்டும் என்பது உங்கள் மேல் விதிக்கப்பட்ட கடமை. வேறு அலுவலகத்துக்குரிய மனு என்றால் ஐந்து நாளுக்குள் நீங்களே அனுப்பி வைக்க வேண்டும். திருப்பி அடிக்கக் கூடாது.

ஓய்வு பெற்ற நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாற்பது வருஷம் கோப்போடு குடித்தனம் நடத்தினோம். எந்தப் பதிவேடு எந்தப் பிரிவில் இருக்கும், அதற்கு அலுவலகத்தில் என்ன பெயர் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். அந்தப் பெயர் தெரியாததால்தான் சாமானியன் ‘ஏன், ஏன்’ என்று கத்துகிறான். காலை நடைக்குப் பிறகு டீக்கடை பெஞ்சில் நாட்டு நடப்பை அலசும் நேரத்தில், பக்கத்து வீட்டுக்காரரின் ஒரு மனுவைப் படித்து, கேள்விகளைத் திருத்திக் கொடுங்கள். பென்ஷன் வாங்கும் நமக்கு இதுகூட முடியாதா?